107 குப்பிகளும் ஒரு புளியமரப் பொந்தும்

2021 ஜூலை. போலந்திலிருந்து சென்னைக்கு வந்த ஓர் அஞ்சல் பார்சலைச் சுங்கத் துறையினர் பிரித்தார்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குப்பிகள், மொத்தம் 107. ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. பெறுநர் முகவரி, அருப்புக்கோட்டை. அவை மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளின் டரான்டுலா வகைகள் என்று விலங்கியல் வல்லுநர்கள் அடையாளம் கண்டார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, உடல்நலச் சான்றும் இல்லை. வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்ப முடிவானது.

நம் தேனியிலிருந்து மதுரை வழியாகப் போனால் அருப்புக்கோட்டை அரை நாள் பயணம்கூட இல்லை. இந்த ஆசை நம் பக்கத்து ஊர் வரை வந்துவிட்டது. உள்ளங்கை அகலச் சிலந்தியைப் பார்க்க ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால், வாங்கிப் பெட்டியில் வைத்தால் தினமும் பார்க்கலாம் என்று நினைப்பதுதான் ஏமாற்றம்.

வளர்ப்போர் பெரிதும் விரும்பும் ஆப்பிரிக்க ‘பபூன் சிலந்தி’களையே எடுத்துக்கொள்வோம். நம் நாடக மேடைப் பபூனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கால் நுனியின் மெத்தென்ற பகுதி பபூன் குரங்கின் விரலைப் போலிருப்பதால் வந்த பெயர் இது. கென்யா, தான்சானியா நாடுகளின் ‘கிங் பபூன்’ துரு நிறம். பின்னங்கால்கள் இரண்டும் தடித்து வளைந்திருக்கும். மண்ணை ஆழமாகத் தோண்டிக் குடியிருக்கும். வளர்ப்பவர் கண்ணாடிப் பெட்டியில் முக்கால் பங்கு மண்ணை நிரப்பி, வாரம் ஒரு பாச்சையையோ கரப்பானையோ உள்ளே விடுவார். காலையில் பார்த்தால் இரை இருக்காது, சிலந்தியும் தெரியாது. தோலுரிக்கும் காலம் வந்தால் வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஒரு கால் நுனிகூடத் தெரியாது. பெட்டி முழுக்க வெள்ளை நூல் பின்னி அதற்குள் ஒடுங்கும் ஆரஞ்சு நிறப் பபூனும் விளக்கைப் போட்ட நொடியில் உள்ளே ஓடிவிடும்.

இதைக் கூச்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உயிர் பிழைக்கும் வழியே அதுதான். எட்டுக் கண் இருந்தும் டரான்டுலாவுக்குப் பார்வை மங்கல். காலில் உள்ள மெல்லிய மயிர்கள் காற்றின் அசைவையும் தரையின் அதிர்வையும் அதற்குச் சொல்லிவிடும். அமெரிக்க வகைகள் வயிற்று மயிரை உதறி எதிரியின் கண்ணில் எரிச்சல் உண்டாக்கும். ஆப்பிரிக்க வகைக்கும் நம் நாட்டு வகைக்கும் அந்த ஆயுதம் இல்லை. ஒளிவது, அதுவும் முடியாவிட்டால் முன்கால்களைத் தூக்கி எச்சரித்துக் கடிப்பது, இந்த இரண்டுதான் வழி. கடித்தால் கடுமையான வலியும் தசைப்பிடிப்பும் வரும். பெண் சிலந்தி 10, 20 ஆண்டுகள் வாழும். ஆணோ பருவமடைந்ததும் வளையை விட்டு இணை தேடி அலைந்து, சில மாதங்களில் மடியும். நம் வீட்டுச் சுவரில் மழைக்காலத்தில் ஏறி வரும் டரான்டுலா பெரும்பாலும் இப்படி வழிதேடும் ஆண்தான்.

கண்ணில் படாமல் வாழ்வதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. ஆந்திராவின் குத்தி ஊரில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு நீலச் சிலந்தியை 1899-இல் போக்காக் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் பதிவு செய்தார். அதன் பின் 102 ஆண்டுகள் யாரும் அதைக் காணவில்லை. 2001-இல் நந்தியால், கித்தலூர் இடையிலான காட்டில் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். மரத்தோடு மரமாக ரயிலேறித்தான் குத்திக்கு வந்திருக்க வேண்டும். இன்று அது காட்டில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. வெளிநாட்டு விற்பனைப் பட்டியல்களிலோ சாதாரணமாகக் கிடைக்கிறது. அதன் உறவான இன்னொரு இனத்துக்கு ராமேஸ்வரத்தின் அனுமவிலாசம் கோயில் பெயரையே 2004-இல் சூட்டினார்கள். கோயிலைச் சூழ்ந்த மரங்களில் கிடைத்தது அது. 2008-இல் அதையும் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்தது. பின்னர் கடலுக்கு அப்பால் மன்னாரிலும் கண்டார்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இப்படி ஒளிந்து வாழும் ஒரு சிலந்தியை நான் பார்த்தது சுருளி அடிவாரத் தோப்பு ஒன்றில். கோடை மழை விட்ட மறுநாள், இருட்டி ஒரு மணி நேரம் கழித்து. தோப்புக் காவலுக்கு இருந்த பெரியவர் டார்ச் முகப்பில் சிவப்புக் காகிதத்தைக் கட்டிக் கொடுத்தார். “மெதுவா வாங்க தம்பி, தரை அதிர்ந்தா போயிரும்” என்றார். கிழட்டுப் புளியமரம், இடுப்பு உயரத்தில் ஒரு பொந்து. அதன் வாயில் மெல்லிய நூல் படலம், மழைத்துளி இரண்டு ஒட்டியிருந்தது. பட்டையோடு பட்டையாக நான்கு கால்கள், சாம்பலும் வெள்ளையும் மாறிமாறி வளையம் போட்டது போல. கால் மணி நேரம் அசைவே இல்லை. நான் ஒரு காலை மாற்றி ஊன்றினேன். காய்ந்த சருகு முறிந்தது. பொந்து காலி. “எங்கப்பா காலத்துல இருந்து இந்த மரத்துல இருக்கு. ஒருத்தரையும் கடிச்சதில்ல” என்றார் பெரியவர். அந்தக் கால் மணி நேரம் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் கிடைக்காது.

பொந்துள்ள மரம் வயதான மரம். புளியோ மாவோ பொந்து விழ எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும். சாலையை அகலப்படுத்த ஒரு முற்பகலில் வெட்டிச் சாய்த்தால், பக்கத்தில் நட்ட கன்றில் அந்தச் சிலந்தி குடியேற முடியாது. மலைப்பாதையோர மண்கரைகளிலும் வளை தோண்டி வாழும் வகைகள் உண்டு. கரையைச் செதுக்கிச் சிமென்ட் பூசினால் அவற்றுக்கும் இடமில்லை.

சட்டமும் இப்போது விழித்திருக்கிறது. மரப்பொந்தில் வாழும் இந்திய, இலங்கை வகைகளான ‘பெசிலோதீரியா’ பேரினம் முழுவதையும் 2019-இல் ஜெனீவாவில் கூடிய சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) மாநாடு இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. முறையான அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சைட்டீஸ் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். நம் பகுதி மேகமலையோ 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அங்கே ஒரு சிலந்தியைப் பிடித்துப் புட்டியில் அடைப்பதும் குற்றம்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு டரான்டுலா மேல் ஆசை வந்தால் அதட்ட வேண்டாம். இணையத்தில் விலை விசாரிக்கவும் விட வேண்டாம். அனுமதியுள்ள இடமாகப் பார்த்து, மழை விட்ட ஒரு மாலையில் தெரிந்த பெரியவர் துணையோடு ஒரு பழைய மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள். சிவப்பு வெளிச்சம், மெதுவான நடை, கால் மணி நேரப் பொறுமை போதும். பொந்துக்குள் குச்சியை மட்டும் விடாதீர்கள். அந்த மரம் வெட்டப்படாமல் நின்றால், உங்கள் பேரப்பிள்ளைகளும் அதே பொந்தைப் பார்க்கலாம்.