சாகாவரம் எத்தனை குப்பி?

சுட்டிகளே, போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"மாமா, என் மந்திரவாதிக்கு 60 வயசு ஆயிடுச்சு. ஒரு குகையில இளமை மருந்து நாலு குப்பி கிடைச்சிருக்கு. நாலையும் குடிக்க வைக்கலாமா?"

எந்த மந்திரவாதி, எந்தக் குகை என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கையில் விதவிதமான பகடைகள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பயல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறான்!

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி 1974-ல் வெளியிட்ட விளையாட்டு இது. மேசையைச் சுற்றி நண்பர்கள் உட்காருவார்கள். ஆளுக்கொரு வேடம். ஒருவர் போர்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர். இன்னொருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். "பாலத்தில் பூதம் நிற்கிறது, என்ன செய்யப் போகிறாய்?" என்று அவர் கேட்பார். செய்ய நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டைக்கு நான்கு பக்கம். இவர்களிடம் இருபது பக்கப் பகடைகூட உண்டு.

இந்த விளையாட்டில் வேடம் போடுகிற எல்லோருக்கும் ஒரு நாள் ஓர் ஆசை வரும். என் ஆள் சாகவே கூடாது! பாட்டி கதையில் அசுரன் தவம் இருந்து கேட்பானே, அதே ஆசைதான்.

சரி, குப்பிக்கு வருவோம்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதி இது. இளமை மருந்தை ஒரு முறை குடித்தால் 7 முதல் 12 வயது வரை குறையும். எவ்வளவு என்று ஆறு பக்கப் பகடை முடிவு செய்யும். முதல் குப்பியில் ஆபத்தே இல்லை. இரண்டாவது குப்பியில் 10 சதவீத ஆபத்து. மருந்து தலைகீழாக வேலை செய்து, அதே அளவு வயது ஏறிவிடும்! மூன்றாவதில் 20 சதவீதம். நான்காவதில் 30. இப்படியே ஏறிக்கொண்டு போகும்.

சதவீதம் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். ஒரு கூடையில் பத்து மாம்பழம் இருப்பதாக நினைத்துக்கொள். கண்ணை மூடி ஒன்று எடுக்க வேண்டும். முதல் தடவை பத்தும் நல்ல பழம். இரண்டாம் தடவை ஒன்று அழுகல். மூன்றாம் தடவை இரண்டு அழுகல். நான்காம் தடவை மூன்று. புரிகிறதா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படி. அவசரமே இல்லை, நான் காத்திருக்கிறேன்.

நான்கு தடவையும் நல்ல பழமே கையில் வர எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொரு தடவைக்கும் உள்ள வாய்ப்பைப் பெருக்க வேண்டும். 1 × 0.9 × 0.8 × 0.7. விடை 0.504. கிட்டத்தட்டப் பாதி!

"அப்போ நாணயத்தைச் சுண்டிப் போடுற மாதிரிதானே, மாமா? வேண்டாம், ரெண்டோட நிறுத்திக்கிறேன்" என்றான் மருமகன். எவ்வளவு சமர்த்து பார்த்தீர்களா! ஆனால் அங்கே ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. நானும் உன் வயதில் அதில் விழுந்திருப்பேன்.

'ஒரு தடவைகூட அழுகல் வராமல் இருக்குமா' என்பது ஒரு கேள்வி. 'மொத்தத்தில் லாபமா' என்பது வேறு கேள்வி. நான்காவது குப்பியை மட்டும் எடுத்துக்கொள். பத்து மந்திரவாதிகள் அதைக் குடித்தால் ஏழு பேர் இளமையாவார்கள், மூன்று பேர் கிழவராவார்கள். ஏறுவதும் இறங்குவதும் ஒரே அளவு என்பதால், லாபம் நான்கு பேர் பக்கம். ஆக, நான்காவதைக் குடிப்பதில் இன்னும் லாபம்தான்!

ஆறாவது குப்பிக்கு வா. ஐந்து பேர் ஏற்றம், ஐந்து பேர் இறக்கம். ஒன்றுமில்லை. ஏழாவதில் நான்குக்கு ஆறு. நஷ்டம் தொடங்கிவிட்டது. பதினொன்றாவது குப்பியில் கூடை முழுக்க அழுகல்.

அப்படியானால் ஐந்து குப்பியோடு நிறுத்துகிறவர்தான் கெட்டிக்காரர். அவருக்குச் சராசரியாக எத்தனை வருடம் குறையும்? நானும் மருமகனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இருபத்தெட்டரை. அவ்வளவுதான்! குகை குகையாக அலைந்து குப்பி சேர்த்தாலும், இந்த மருந்தால் சாகாவரம் கிடைக்காது. விதி எழுதியவர்கள் சாமர்த்தியசாலிகள்.

மருமகன் முகம் வாடிவிட்டது. "வேற வழியே இல்லையா?"

இருக்கிறது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த மந்திரவாதி கதை கேட்டிருக்கிறாய் அல்லவா? ரஷ்யக் குழந்தைகளுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. அதில் கோஷ்செய் என்பவனின் உயிர் ஓர் ஊசி முனையில் இருக்கும். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள்! இந்த விளையாட்டில் அதே வேலையைச் செய்கிறவன் பெயர் லிச். செத்தும் சாகாத எலும்புக்கூட்டு மந்திரவாதி. உயிரை ஒரு பேழையில் பூட்டி வைத்திருப்பான். உடம்பை நீ அழித்தாலும், பத்து நாளுக்குள் பேழைக்குப் பக்கத்திலேயே புது உடம்பு முளைத்துவிடும். பட்டம் கிழிந்தால் என்ன? நூல்கண்டு கையில் இருக்கும்வரை இன்னொரு பட்டம் கட்டிக்கொள்ளலாமே, அதுபோல.

ஆனால் அந்தப் பேழைக்கு மற்றவர்களின் உயிரை இரையாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு இந்த வழி துளியும் பிடிக்கவில்லை. மேலே போவோம்.

குளோன் என்று ஒரு மந்திரம் உண்டு. அறிவியல் பிரியர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். மந்திரவாதி தன் சதையில் ஒரு சிறு துண்டை ஒரு பெரிய கலத்தில் போட்டு மூடி வைப்பார். 120 நாளில் அவரைப் போலவே ஓர் உடம்பு அதில் வளர்ந்து தூங்கும். வேண்டுமானால் இன்னும் இளமையான உடம்பாகவே வளர்க்கலாம். அவர் எங்காவது செத்தால், உயிர் அந்த உடம்புக்குள் தாவிவிடும். பழைய நினைவுகள் எல்லாம் அப்படியே இருக்கும். சட்டை மட்டும் இருக்காது!

நிஜ உலகிலும் குளோன் உண்டு. 1996 ஜூலை 5-ம் தேதி ஸ்காட்லாந்தில் டாலி என்ற செம்மறி ஆட்டுக்குட்டி பிறந்தது. ஆறு வயது ஆட்டின் மடியிலிருந்து எடுத்த ஒரு செல்லை வைத்து ரோஸ்லின் ஆய்வுக்கூடத்தில் அதை உருவாக்கினார்கள். 277 முறை முயன்றதில் தேறியது அந்த ஒரு குட்டிதான். டாலிக்கு அந்தப் பழைய ஆட்டின் நினைவு எதுவும் வரவில்லை. எப்படி வரும்? செல்லுக்குள் இருப்பது உடம்பைக் கட்டுவதற்கான குறிப்பு. நினைவுகள் மூளை வாழ்ந்து சேர்ப்பவை. உன் வகுப்பில் ஒரே அச்சான இரட்டையர் இருந்தால் கவனி. ஒருவர் படித்த பாடம் இன்னொருவருக்குத் தானாக வருமா? வராது. நிஜ குளோன் ஒரு தாமதமான இரட்டைப் பிறவி, அவ்வளவே. உயிர் தாவும் இடத்தில்தான் விளையாட்டு அறிவியலை விட்டுக் கற்பனைக்குள் குதிக்கிறது.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இறந்தவரை எழுப்பும் மந்திரங்களும் இந்த விளையாட்டில் உண்டு. அவற்றிலேயே பெரியது, இறந்து 200 வருடம் ஆனவரைக்கூட எழுப்பும். ஆனால் மூப்பால் இறந்தவரை அதனாலும் எழுப்ப முடியாது. வாளால் இறந்தவருக்கு மருந்து உண்டு, வயதால் இறந்தவருக்கு இல்லை! மூப்பும் சாவும் ஒன்றல்ல என்று விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இங்கே ஒரு நிமிடம் நில். இதுதான் இன்றைய பாடத்தின் மாங்கொட்டை.

மூப்பே இல்லாத உயிர்கள் நிஜத்தில் உண்டா? ஹைட்ராவைச் சொல்லலாம். நன்னீர்க் குட்டைகளில், ஒரு சென்டிமீட்டர் அளவில், நூல் துணுக்கு போல ஒட்டிக்கொண்டிருக்கும். டேனியல் மார்ட்டினெஸ் என்ற விஞ்ஞானி அவற்றை நான்கு வருடம் வளர்த்துப் பார்த்து, 1998-ல் எழுதினார். மூப்பின் அடையாளமே தெரியவில்லை! தன் செல்களை அது புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. டுரிடாப்சிஸ் டோர்னி என்று ஒரு குட்டி ஜெல்லிமீன் இருக்கிறது. காயமோ பசியோ வந்தால் அது மறுபடி தன் குழந்தைப் பருவத்துக்கே திரும்பிவிடும். நம் மந்திரவாதியின் குப்பி அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. அழுகல் பழம் இல்லாத குப்பி!

ஆனாலும் கடல் முழுக்க அந்த ஜெல்லிமீனாக நிரம்பிவிடவில்லையே, ஏன்? மீன் வந்தால் தின்றுவிடும். குட்டை வற்றினால் ஹைட்ராவும் காலி. மூப்பு இல்லை, சாவு இருக்கிறது.

இதைப் பகடையால் பார்த்துவிடலாம். மருமகனிடம் மூன்று பத்துப் பக்கப் பகடைகளைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை இருக்கும். "உன் மந்திரவாதிக்கு இனி மூப்பே கிடையாது என்று வைத்துக்கொள். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை மூன்றையும் உருட்டு. மூன்றிலும் 0 விழுந்தால் ஏதோ ஒரு விபத்து, ஆள் அவுட்" என்றேன்.

"ஆயிரத்துல ஒண்ணுதானே? பயமே இல்ல!" என்றான்.

ஒரு வருடத்துக்குப் பயமில்லை. ஆனால் அப்படி ஆயிரம் மந்திரவாதிகள் ஒன்றாகக் கிளம்பினால், 693-ம் வருடத்தில் பாதிப் பேர் போயிருப்பார்கள். ஆயிரம் வருடம் கழித்து 368 பேர் அளவில் மிஞ்சுவார்கள். யாருக்கும் ஒரு முடிகூட நரைத்திருக்காது! இந்த விளையாட்டில் எல்ஃப் என்ற வன மக்கள் 750 வருடம் வாழ்வார்கள். அந்த எண்ணுக்கு நம் 693 எவ்வளவு கிட்டே வந்துவிட்டது பார்!

இந்த விளையாட்டின் ஒரு பழைய பதிப்பு முழுச் சாகாவரத்தையே தருகிறது. அதற்கென்றே 1986-ல் பிராங்க் மென்ட்ஸர் தனி விதிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். 'இம்மார்ட்டல்ஸ்' என்று பெயர். சாகாவரத்தைத் தேடிப் போக, வருடக்கணக்கில் ஆடி உச்சிப் படிகளுக்கு ஏறியிருக்க வேண்டும். படிகள் மொத்தம் 36. அங்கே பல பாதைகள். ஒரு பாதையில் போகிறவர் வேறு தொழில் செய்யும் ஆளாக, ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து, மறுபடி மறுபடி வாழ்ந்து காட்ட வேண்டும். ஒன்றாம் வகுப்பை மறுபடி மறுபடி படிப்பது மாதிரி!

அந்தச் சாகா மனிதர்கள் ஐந்து அணிகளாகப் பிரிந்திருப்பார்கள். பொருள், ஆற்றல், காலம், எண்ணம். ஐந்தாவது என்ட்ரோபி. இது மந்திரச் சொல் இல்லை, சுத்தமான இயற்பியல் சொல். ஜெர்மானிய விஞ்ஞானி கிளாசியஸ் 1865-ல் வைத்த பெயர். காலைப் பிரார்த்தனையில் வகுப்பு வகுப்பாக வரிசையில் நிற்கிறீர்கள். மாலை கடைசி மணி அடித்தால்? கலைந்து ஓடுகிறீர்கள். யாரும் சொல்லாமலே வரிசை மறுபடி வருமா? வராது. ஒழுங்கு தானே கலையும், தானே சேராது. அந்தக் கலைதலின் அளவுதான் என்ட்ரோபி என்று இப்போதைக்கு வைத்துக்கொள். நீ சாப்பிடும் இட்லியில் ஒரு பங்கு உடம்பின் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ளவே செலவாகிறது. அந்த விளையாட்டில் மற்ற நான்கு அணிகளும் கட்டியதைக் கலைக்க வருவது என்ட்ரோபி அணி. சாகாதவர்களுக்கும் எதிரி அதுதான்!

மருமகன் கடைசியில் என்ன செய்தான் தெரியுமா? மூன்று குப்பி குடித்தான். மூன்றாவதில் அழுகல் விழுந்தது. மந்திரவாதிக்கு இப்போது 52 வயது. நான்காவது குப்பியைப் பையில் வைத்திருக்கிறான்.

உன்னிடம் பத்துப் பக்கப் பகடை இல்லாவிட்டால் கவலைப்படாதே. 0 முதல் 9 வரை பத்துச் சீட்டு எழுதி, குலுக்கி, பார்க்காமல் எடு. எடுத்ததைத் திருப்பிப் போட்டு, மூன்று முறை எடுத்தால் ஒரு வருடம். மூன்றும் 0 வரும்வரை உன் ஆள் எத்தனை வருடம் வாழ்ந்தார் என்று குறித்து எனக்கு எழுது. வெகு நேரம் ஆகும், வீட்டுப்பாடம் முடித்துவிட்டு உட்கார்.