ஆம், இல்லை: பழைய சி கம்பைலர்களில் இல்லாமல் போன ஒரு வகை

அம்பத்தூர் எஸ்டேட்டின் பட்டறைகளில் தகடு வெட்டவும் வளைக்கவும் துளையிடவும் பவர் பிரஸ்கள் ஓடுகின்றன. இரண்டு பொத்தான்களையும் இரண்டு கைகளால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் டை இறங்கும் என்பது இத்தகைய இயந்திரங்களில் வழக்கமான ஏற்பாடு. ஒரு கைகூட டைக்குள் மாட்டிவிடக் கூடாது. இப்படி ஒரு பிரஸ்ஸுக்கு கண்ட்ரோல் போர்டு செய்பவர் எழுதும் புரோகிராம் ஓயாமல் சில கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இடது பொத்தான் அழுத்தப்பட்டதா? வலது? முன் தடுப்பு மூடியிருக்கிறதா? மோட்டாரில் கோளாறு உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் ஆம் அல்லது இல்லை. விரல்களைக் காக்கும் கடைசிப் பொறுப்பு வயரிங்கிலும் ரிலேயிலும் இருக்க வேண்டும், புரோகிராமை மட்டும் நம்பக் கூடாது. ஆனாலும் அந்தப் புரோகிராம் தப்பாகப் பதில் சொல்ல அனுமதிக்க முடியாது.

இத்தகைய போர்டுகளுக்கு நெடுங்காலமாக எழுதப்பட்டுவரும் மொழி சி. ஆம், இல்லை என்ற இரண்டே மதிப்புகளைக் கொண்ட பூலியன் வகை அந்த மொழியில் பிறக்கும்போது இல்லை. அல்கால் 60இல் அது இருந்தது. 1970இல் வந்த பாஸ்கலிலும் இருந்தது. பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி 1972 வாக்கில் உருவாக்கிய சி வேறு குடும்பம். அதன் முன்னோடிகளான பிசிபிஎல், பி ஆகிய மொழிகளில் வகை என்ற பேச்சே கிடையாது, எல்லாமே ஒரு சொல் அளவுள்ள எண். அந்தப் பழக்கம் சி-யிலும் தொடர்ந்தது. பூஜ்யம் என்றால் பொய்; பூஜ்யம் அல்லாத எதுவும் மெய். ஒப்பிட்டுப் பார்த்தால் விடையாக முழு எண் 0 அல்லது 1 வரும். 1989இல் அமெரிக்கத் தரம் வந்தபோதும் இதை மாற்றவில்லை.

பூந்தமல்லியிலும் ஆவடியிலும் பொறியியல் படித்த ஒரு தலைமுறைக்கு சி என்றாலே டர்போ சி++-இன் நீலத்திரைதான். போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் டாஸ் கணினிகளுக்காக வெளியிட்டது அது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் டாஸ் மறைந்த பிறகும் பல்லாண்டுகள் ஓடியது. அதில் சி-க்கும் பூலியன் வகை இல்லை, சி++-க்கும் இல்லை. ஆகவே எல்லோரும் தாமே ஒன்றைச் செய்துகொண்டார்கள். ஒருவர் முழு எண்ணுக்கு வேறு பெயர் சூட்டினார், இன்னொருவர் ஒரு பைட்டை எடுத்துக்கொண்டார், மற்றொருவர் பொய், மெய் என்று இரண்டு பெயர்களை வரிசைப்படுத்தி ஒரு எண்வரிசை வகை ஆக்கினார். பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் நடத்தை ஒவ்வொன்றிலும் வேறு, வம்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

நம் பிரஸ்ஸுக்கு வருவோம். 16 பிட் கொண்ட ஒரு நிலைச்சொல்லில் எட்டாம் பிட் கோளாறைக் குறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் அதன் மதிப்பு 256. புரோகிராமர் அந்தப் பிட்டை மட்டும் பிரித்தெடுத்து, ஒரு பைட்டால் ஆன தன் பூலியன் மாறியில் போடுகிறார். பைட்டில் 255 வரைதான் இடம். 256 உள்ளே போனதும் மேல்பகுதி வெட்டுப்பட்டு 0 ஆகிறது. கோளாறு இருக்கிறது, மாறியோ இல்லை என்கிறது. இயந்திரம் ஓடும். கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தராமல் இருக்கலாம்.

1999இல் வந்த சி தரம் இதைச் சரியாகத் தீர்த்தது. அதில் சேர்ந்த பூலியன் வகைக்குள் 256ஐப் போட்டாலும் 1 ஆகும், 0.5ஐப் போட்டாலும் 1 ஆகும். இந்த மாற்றம் அந்த வகையின் இயல்பிலேயே இருக்கிறது. பழைய கம்பைலரில் பெயரை நகலெடுக்கலாம், இந்த இயல்பை நகலெடுக்க முடியாது.

சின்ன சிப்களில் கதை இன்னும் சுவையானது. இன்டெல் 1980இல் கொண்டுவந்த 8051 மைக்ரோகண்ட்ரோலரின் உள்நினைவகம் வெறும் 128 பைட். அதில் 16 பைட்டுகளை மட்டும் பிட் பிட்டாகத் தொடலாம். ஆக 128 தனித்தனி பிட்டுகள், ஒவ்வொன்றுக்கும் சொந்த முகவரி. ஒரே கட்டளையில் ஒரு பிட்டை ஏற்றலாம், இறக்கலாம், அது 1ஆக இருந்தால் வேறிடம் தாவலாம். இன்டெலே இந்த வசதியை பூலியன் பிராசசர் என்று அழைத்தது. இயந்திரக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவர்கள் கேட்டு வாங்கியதுபோன்ற வசதி இது. அந்தச் சிப்பின் ஆகச்சிறந்த யோசனை என்றே சொல்வேன். தர சி-யில் இதை எழுதச் சொல்லே இல்லை. அதனால் கைல் நிறுவனத்தின் சி51 கம்பைலர் பிட் என்று ஒரு தனி வகையைச் சேர்த்தது. அதற்கு பாயிண்டர் வைக்க முடியாது, அதைக்கொண்டு அர்ரே அமைக்கவும் முடியாது. வேறு சிப்புக்குப் போனால் அந்தச் சொல்லே செல்லாது.

பிக் (PIC) சிப்களுக்கான ஹை-டெக் சி கம்பைலரிலும் பிட் வகை உண்டு. அதன் குணம் வேறு. பெரிய எண்ணை அதில் போட்டால் கடைசிப் பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். 2ஐப் போட்டால் 0 ஆகிவிடும். எந்த இரட்டைப்படை எண்ணும் அதற்குப் பொய்தான்.

மெய் என்ற மாறிலியோடு சமமா என்று ஒப்பிடுவது இன்னொரு பள்ளம். சி-யின் நூலகத்தில் ஒரு குறி எழுத்தா என்று சோதிக்கும் செயற்கூறு, எழுத்தாக இருந்தால் பூஜ்யமல்லாத ஒரு எண்ணைத் தரும். அது 1ஆக இருக்க வேண்டும் என்று எந்தத் தரமும் சொல்லவில்லை. லினக்ஸில் 1024 வருவதுண்டு. அதை 1 என்ற மெய்யோடு ஒப்பிட்டால் சமமில்லை. அதேபோல் கூட்டல், கழித்தல் குறியுள்ள ஒற்றைப் பிட் புலத்தில் 1ஐப் போட்டுத் திரும்ப எடுத்தால் வழக்கமாக மைனஸ் 1 வரும். விஷுவல் பேசிக்கில் மெய்யின் மதிப்பே மைனஸ் 1. போர்டோடு பேசும் கணினிப் பக்கத்து மென்பொருள் அந்த மொழியில் எழுதப்பட்டிருந்தால், கம்பி வழியாக வரும் பைட் 255ஆக இருக்கலாம். விண்டோஸின் சொந்த பூலியனோ நான்கு பைட்.

ஆகவே எல்லாக் கம்பைலருக்கும் பொருந்த எழுதுவோர் ஆகப் பலவீனமான கம்பைலரை மனத்தில் வைத்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பூலியன் மாறியில் எதைப் போட்டாலும், அது பூஜ்யத்துக்குச் சமமில்லையா என்று ஒப்பிட்டு, அந்த விடையைப் போட வேண்டும். 256ஆக இருந்தாலும் 2ஆக இருந்தாலும் 1 மட்டுமே உள்ளே போகும். மெய்யோடு ஒருபோதும் ஒப்பிடக் கூடாது. கம்பியிலும் கோப்பிலும் போகும் தகவலுக்கு ஒரு பைட், 0 அல்லது 1 என்று எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும். வாகன மென்பொருளுக்கான மிஸ்ரா சி விதிகளும் இந்த ஒழுங்கையே கேட்கின்றன. 2012ஆம் ஆண்டுப் பதிப்பின்படி நிபந்தனையில் நிற்பது பூலியன் இயல்புள்ளதாகவே இருக்க வேண்டும், வெறும் எண்ணை அங்கே நிறுத்தக் கூடாது. சுற்றிலும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள் நிறைந்த அம்பத்தூர், பாடி வட்டாரத்தில் இந்த விதிகளைப் படித்து வைத்திருப்பது வேலைக்கும் உதவும்.

பூஜ்யத்தோடு ஒப்பிட்டுப் போடும் பழக்கம் வந்துவிட்டால், எல்லாக் கம்பைலருக்கும் பூலியன் வகையைத் தரும் ஹெடர் ஃபைல் எழுதுவது சுலபம். கம்பைல் ஆவது, டர்போ சி++ போன்ற பழையதாக இல்லாத சி++ என்றால் அந்த மொழியின் சொந்த வகை. தரத்தின் பதிப்பெண் 199901 அல்லது அதற்கு மேல் என்றால் 1999இன் வகை. இரண்டும் இல்லையென்றால் குறியில்லா ஒரு பைட். பழைய கம்பைலருக்குப் பதிப்பெண் என்ற பெயரே தெரியாது. தெரியாத பெயரை முன்செயலி 0 என்று எடுத்துக்கொள்வதால் இந்தச் சோதனை அங்கும் இடறாது. மைக்ரோசாஃப்டின் சி கம்பைலர் 2013 பதிப்பில்தான் இந்த வகைக்கான ஹெடரைத் தந்தது என்பதால், அதற்கு முந்தைய விஷுவல் ஸ்டுடியோவுக்கும் மூன்றாவது வழிதான். 8051இன் பிட் வகையை ஒரே ஃபைலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே தெரியும் செயற்கூறுகளில் வேண்டாம்.

வகைக்குச் சூட்டும் பெயரிலும் கவனம் தேவை. 1999இல் தரக்குழு, ஏற்கெனவே எழுதப்பட்ட எண்ணற்ற புரோகிராம்கள் உடைந்துவிடாதிருக்க, புது வகைக்கு அடிக்கோடும் பெரிய எழுத்துமாகத் தொடங்கும் பெயரைத் தேர்ந்தது. பழகிய பெயர் வேண்டியவர் ஹெடரைச் சேர்த்துக்கொள்ளலாம். 2023ஆம் ஆண்டுத் தரமோ அந்தப் பழகிய பெயரையும் மெய், பொய் இரண்டையும் மொழியின் முதன்மைச் சொற்களாக்கிவிட்டது. ஏப்ரல் 2025இல் வந்த ஜிசிசி 15 இந்தத் தரத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பெயர்களைத் தாமே வரையறுத்துக்கொண்ட பழைய புரோகிராம்கள் பலவும் அதில் கம்பைல் ஆவதில்லை. அவசரத்துக்கு 2017ஆம் ஆண்டுத் தரத்தின்படி கம்பைல் செய்யச் சொல்லி ஒரு விருப்பம் கொடுத்தால் போதும். பழைய ஃபைலைத் திருத்த நேரமிருந்தால், நிறுவனத்தின் சுருக்கப்பெயரை முன்னால் ஒட்டி வகைக்குச் சொந்தப் பெயர் வையுங்கள்.