கோரைச் சிலுவையும் நீளும் பொழுதும்

வசந்தம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மாந்தளிரும் குயிலோசையும் மனத்தில் எழப்பெறும் நமக்கு, பிப்ரவரி முதல் தேதியன்று, கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்து மூடிக்கொண்டு, விடாத தூற்றலில் சேற்றை மிதித்து நடந்தபடியே, 'வசந்தம் பிறந்துவிட்டது' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அயர்லாந்து ஜனங்களைக் கண்டால் சற்று விநோதமாகத்தான் இருக்கும். மரங்கள் அப்போது மொட்டையாகவே நிற்கின்றன. டப்ளின் நகரில் உஷ்ணம் சராசரியாக ஐந்தாறு டிகிரிக்குமேல் ஏறுவதில்லை. அந்நாட்டு வானிலை நிலையத்தாரும் மார்ச் முதல் தேதியிலிருந்துதான் வசந்தத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் குடியானவனின் கணக்கு வேறு: பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் ஆகிய மூன்று மாதங்களே அவனுக்கு வசந்த ருது.

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரந்தான். 53-வது அட்சரேகையிலுள்ள டப்ளினிலோ, ஜூன் மாதத்தில் 17 மணி நேரம் நீடிக்கும் பகல், டிசம்பரில் ஏழரை மணியாகக் குறுகி, மாலை நான்கு அடித்துச் சில நிமிஷங்களுக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. அப்படி இருண்டு கிடந்த ஊரில், பிப்ரவரி பிறக்கும்போது அஸ்தமனம் ஐந்து மணிக்குத் தள்ளிப்போய், மார்ச் மாத நடுவில் ஆறரையை எட்டுகிறதென்றால், அந்த ஜனங்கள் வசந்தத்தைச் சூட்டினால் அளக்காமல் வெளிச்சத்தினால் அளப்பதில் என்ன தவறு? கடை வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் அறிமுகமில்லாதவரிடங்கூட, 'மாலைப்பொழுது நன்றாக நீண்டுவிட்டது, பார்த்தீர்களா?' என்று பேச்சைத் தொடங்குவது அங்கே அநேகமாக ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது.

அந்தப் பிப்ரவரி முதல் தேதி பிரிஜிட் என்னும் புண்ணியவதியின் திருநாள். கில்டேர் என்ற ஊரில் மடம் அமைத்தவள் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் இவளுடைய பெயரே அதற்கு முந்திய காலத்துத் தேவதை ஒருத்திக்கும் இருந்தது. எது எதனுள் கலந்தது என்று பிரித்தறிவது எளிதன்று. ஆடுகள் ஈன்று பால் சுரக்கும் பருவத்தில் வருகிறவளாதலால், பசுவும் பாலும் வெண்ணெயும் இவளுடைய காவலில் உள்ளவை என்பது ஐதிகம்.

திருநாளுக்கு முந்தின இரவு வீடுகளில் நடக்கும் காரியம் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். ஈர நிலத்தில் வளரும் கோரையைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்கள். அதை அரிவாள் கொண்டு அறுக்கலாகாது, கையால் பிடுங்கவேண்டும் என்பது பழைய நியமம். ஒரு கோரையை நெட்டாகப் பிடித்து, மற்றொன்றை இரண்டாக மடித்து அதன் இடுப்பில் பூட்டி, முழுவதையும் கால் வட்டம் திருப்பி, அடுத்த கோரையை முந்தியதன்மேல் மடித்துப் பூட்டி, மறுபடியும் திருப்பி, இப்படி விரல்கள் பழகிய தாளத்தில் செய்துகொண்டே போனால், நடுவில் பாய் முடைந்தாற்போன்ற சதுரமொன்று பருத்துவர, நான்கு புறமும் நான்கு கைகள் நீளும். நுனிகளைக் கட்டி, ஒட்ட நறுக்கிவிட்டால் சிலுவை முடிந்தது. புதிதில் பச்சென்றிருக்கும் அது சில நாட்களில் வைக்கோல் நிறமாகிவிடும். வாசற்படிக்கு மேலே அதை மாட்டிவைத்தால் வீட்டை நெருப்பு அண்டாது என்பது நம்பிக்கை. கூரை வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய பயம் வேறென்ன இருந்திருக்க முடியும்?

அதே இரவில் ஒரு துணித் துண்டை வெளியே புதர்மேல் போட்டுவைப்பதும் உண்டு. பிரிஜிட் அவ்வழியே போகையில் அதைத் தொட்டு ஆசீர்வதிப்பாளாம். தலைவலிக்கும், பிரசவ வேதனைக்கும், பசு கன்று ஈனச் சிரமப்படும்போதும் அந்தத் துணியே மருந்து. காலையில் அளந்து பார்த்தால் துணி சிறிது நீண்டிருக்கும் என்றுகூடச் சில ஊர்களில் சொல்வார்கள். பகல் நீளும் பருவத்தில் துணியும் நீள்வதாக நினைத்தவர்களின் கற்பனையை நான் பரிகசிக்கமாட்டேன்.

பிரிஜிட்டுக்குப் பிறகு வருவது, ஈஸ்டருக்கு முந்திய நோன்புக்காலமாகிய தவக்காலம். முற்காலத்தில் அந்த நாற்பது நாளும் விவாகம் நடத்தலாகாது என்றிருந்தபடியால், அதற்கு முந்திய வாரங்களில் கல்யாணங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும். தவக்காலத்துக்கு முந்தின செவ்வாயன்று முட்டையையும் பாலையும் வெண்ணெயையும் தீர்த்துவிடவேண்டி அடை சுடும்போது, மணமாகாத பெண் அதைத் தூக்கிப்போட்டுத் திருப்பவேண்டும். அடை தரையில் விழுந்தால் அவ்வருஷம் கல்யாணமில்லை. தப்பிப்போன பிரம்மசாரிகளின் முதுகில், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில், சிறுவர்கள் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு ஓடுவார்கள். தென்மேற்குக் கடலிலுள்ள ஸ்கெல்லிக் பாறைத்தீவின் துறவிகள் பழைய பஞ்சாங்கத்தை விடாததால் அங்கே தவக்காலம் பிந்தி வரும், ஆகவே அங்கே போய் இன்னும் மணம் முடித்துக்கொள்ளலாம் என்று கேலி செய்து, ஜோடிப் பெயர்களைச் சேர்த்துப் பாட்டுக்கட்டுவதும் உண்டு. துறவிகள் அப்பாறையை விட்டுப் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகியும் கேலிமட்டும் போகவில்லை.

அந்நாட்டின் காவல் புனிதரான பேட்ரிக்குக்கு மார்ச் 17-ல் வரும் திருநாளை உலகமே அறியும், நான் விரிக்கவேண்டியதில்லை. அதன் பிரசித்தமான ஊர்வலத்தைப் பெரிதாக வளர்த்தவர்கள் கடல் கடந்துபோன ஐரிஷ்காரர்கள். நியூயார்க் நகரில் அது 1762-லேயே நடந்திருக்கிறது. தாய்நாட்டிலோ, 1960-களின் தொடக்கம்வரை மதுக்கடைகளையே அன்று மூடிவைத்திருந்தார்கள். கோயிலுக்குப் போவதும், சட்டையில் ஷாம்ராக் என்னும் மூவிலைத் தழையைச் செருகிக்கொள்வதும், அந்நாளுக்குள் முதற்போக உருளைக்கிழங்கை ஊன்றிவிடுவதுமே கிராமத்து வழக்கம். பேட்ரிக்கின் நாள் 1903 முதல் பொது விடுமுறையாயிருக்க, பிரிஜிட்டுக்கு அந்த மரியாதை 2023-ல்தான் கிடைத்தது. என் அபிப்பிராயத்தில் இது மிகவும் காலதாமதமான நியாயம்.

வசந்தம் எப்போது பிறக்கிறது என்ற வழக்கில் அந்நாட்டுச் சட்டத்துக்கும் ஒரு கட்சி உண்டு. வயலோரத்து வேலிப் புதர்களில் பறவைகள் கூடு கட்டுவதால், மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை அவற்றை வெட்டலாகாதென்று 1976-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. ஆகையால், கோரைச் சிலுவையை மாட்டிய கையோடு குடியானவன் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போகிறான்; அவனுக்கு மிஞ்சியிருப்பது பிப்ரவரி மாதம் மட்டுந்தான்.