உழாத பூமியும் மண்ணில் தங்கும் பயிர் வியாதிகளும்

பூமியை உழாமல், அறுவடையான தாளினூடே விதையை ஊன்றிச் சாகுபடி செய்யும் முறை தற்காலத்தில் பல தேசங்களில் பரவியிருக்கிறது. மேல் மண் மழையில் அரித்துப் போவதில்லை. ஈரம் நீடித்து நிற்கிறது. உழவுக் கூலியும் டிராக்டர் எண்ணெய்ச் செலவும் மீதமாகின்றன. இவையெல்லாம் மெய்யே. ஆயினும் குடியானவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. போன பயிரை அழித்த அழுகல் அந்தத் தாளிலும் மண்ணிலுந்தானே தங்கியிருக்கிறது. ஏரையும் நிறுத்திவிட்டால் அதை அகற்றுவது எது? இக்கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. ஏக்கருக்கு 50 கிலோவுக்கு மேற்பட்ட நிலக்கடலைப் பருப்பைச் சங்கத்துக் கடனில் வாங்கி விதைத்தவருக்கு, விழுது இறங்கும் பருவத்தில் செடிகள் வாடிப்போனால், கடலை போய்க் கடன் மாத்திரம் நிற்கும்.

இதற்கு எல்லாப் பூமிக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. வியாதியை உண்டாக்கும் பூஞ்சக்காளான் மண்ணில் எந்த உருவில், எந்த ஆழத்தில், எதைத் தின்று உயிர் தரித்திருக்கிறது என்பதைப் பொறுத்தே ஏரினால் நன்மையோ தீமையோ உண்டாகிறது.

உழவைக் கைவிடும் எண்ணம் மேல்நாட்டில் பலப்பட்டதற்குக் காரணம் மண் அரிப்பு. 1930-க்குப் பிந்திய ஆண்டுகளில் அமெரிக்காவின் சமவெளிகளில் உழுது கிடந்த மண் புழுதிப் புயலாய்க் கிளம்பிற்று. 1943-ல் எட்வர்ட் பாக்னர் என்பவர் எழுதிய நூலில், உழவுக்குச் சாஸ்திரீகமான காரணம் எவரும் காட்டவில்லை என்று வாதித்தார். களைகொல்லி மருந்துகள் வந்தபின், 1962-ல் கென்டக்கி நாட்டுக் குடியானவர் ஒருவர் உழாத நிலத்தில் மக்காச்சோளம் பயிரிட்டுக் காட்டினார். பாக்னரின் வாதம் சற்று மிகைப்பட்டதென்றே சொல்லவேண்டும்; நிலக்கடலைத் தண்டழுகல் ஒன்றே உழவுக்குத் தக்க காரணமாக நிற்கும்.

இவ்வியாதியை உண்டாக்கும் பூஞ்சக்காளானுக்கு ஸ்கிலிரோஷியம் ரால்ஃப்ஸி என்று பெயர். 1892-ல் பிளாரிடாவில் தக்காளிச் செடியில் இதைக் கண்டெழுதிய ரால்ஃப்ஸ் என்பவரின் பெயரை ஒட்டி அப்பெயர் ஏற்பட்டது. செடியின் அடித்தண்டில், மண்மட்டத்தில், வெண்பஞ்சு போன்ற இழை படரும். சில நாட்களில் அவ்விழையின்மேல் கடுகைப்போலவே உருண்டு பழுத்த மணிகள் தோன்றும். அந்தக் கடுகு மணிகளே வியாதியின் விதை. பயிர் இல்லாத காலத்திலும் அவை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உயிரோடு கிடக்கும். ஆனால் இந்தப் பூஞ்சக்காளானுக்குக் காற்று மிகுதியும் வேண்டும். மேலாக இரண்டொரு அங்குலத்துக்குள் கிடக்கும் மணிகளே எளிதில் முளைக்கும். முளைத்த இழைக்கு முதல் ஆகாரம் உதிர்ந்த இலையும் மக்காத தட்டையுமாகும். அவற்றைத் தின்று பலமடைந்தபின்பே அது உயிருள்ள தண்டைத் தாக்குகிறது.

ஆகவே, மண்ணைப் புரட்டும் இரும்புக் கலப்பையால் எட்டு, ஒன்பது அங்குல ஆழம் உழுது மணிகளையும் தட்டையையும் கீழே புதைத்தால் வியாதி குறைகிறது. நாட்டுக் கலப்பை மண்ணைக் கீறுமேயன்றிப் புரட்டாது. ஆதலால் இவ்விஷயத்தில் அதன் பிரயோஜனம் அற்பமே. ஒருமுறை ஆழப் புதைத்தவர் அடுத்த ஆண்டும் அதே ஆழம் புரட்டினால், புதைந்தவற்றில் உயிரோடு மிஞ்சியவை மறுபடி மேலே வந்துவிடும். கோடை உழவினால் வேறொரு நன்மையும் உண்டு. வெயிலில் நன்றாய்க் காய்ந்த மணிகள், கோடைமழையில் நனையும்போது தம்முள் இருக்கும் சத்தைக் கசியவிடுகின்றன. அந்தச் சத்தை நாடி மண்ணிலுள்ள மற்ற நுண்ணுயிர்கள் வந்து மணிகளை அழுகச் செய்கின்றன. மண் அணைக்கும்போதும் ஜாக்கிரதை வேண்டும். விழுது இறங்குவதற்கு மண் அணைப்பது நல்லதே. அடி இலைகள் மூடும்படி தண்டின்மேல் மண்ணைக் குவிப்பதோ பூஞ்சக்காளானுக்கு விருந்து வைப்பதாகும்.

இதுவரை பார்த்தால் ஏரே வெற்றி பெறுவதாகத் தோன்றும். தென் ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்கள் வேறு பாடம் கற்பிக்கின்றன. அங்கே ரைசாக்டோனியா என்னும் பூஞ்சக்காளான் வேர்களை அரித்து, வயலின் நடுவே திட்டுத் திட்டாகப் பயிரைக் குட்டையாக்கிவிடும். இதை 1932-லேயே சாமுவேல், காரெட் என்னும் இருவர் விவரித்திருக்கின்றனர். இதற்குக் கடுகு மணி பிரதானமன்று. மண்ணுக்குள் சிலந்திவலைபோல் படர்ந்திருக்கும் இழைதான் முக்கியம். உழவு அந்த வலையை அறுத்துவிடுகிறது. உழாமல் விதைக்கும் முறை அங்கே பரவியபோது வலை அறுபடாமல் நின்றதால் திட்டுகள் பெருகின. அநேகர் மனம் தளர்ந்தனர். ஆவன் என்னுமிடத்தில் 1979-ல் தொடங்கிய சோதனை நிலத்தில் வியாதி முதலில் ஏறிற்று. பின்னர் 1983-லிருந்து படிப்படியாய் இறங்கி, 1990-க்குள் பொருட்படுத்தத் தகாத அளவுக்குக் குறைந்தது. உழுத பாத்தி, உழாத பாத்தி இரண்டிலும் அப்படியே. தாளை எரிக்காமல் மண்ணிலேயே விட்டுவந்ததால் மற்ற நுண்ணுயிர்கள் பெருகி ரைசாக்டோனியாவை அடக்கின என்று ஆராய்ச்சியாளர் கருதினர். எனினும் அந்த இடைக்கால ஆண்டுகளின் நஷ்டத்தைச் சிறு குடியானவர் தாங்குவது எப்படி? இதற்கு அந்நாட்டார் கண்ட வழி எளியது. பூமி முழுவதையும் உழாமல், விதை விழும் சாலில் மாத்திரம் விதைக்குக் கீழே இரண்டு முதல் நான்கு அங்குலம் மண்ணைக் கிளறும் கூரிய கொழுவை விதைப்புக் கருவியில் பொருத்தினர். விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே களைகளையும் அழித்தனர். பசுங்களையின் வேரே பூஞ்சக்காளான் ஒரு பயிரிலிருந்து மறு பயிருக்குக் கடக்கும் பாலமாகும்.

உழாத சாகுபடி தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், நிற்கும் நெல்லின் நடுவே ஈரச் சேற்றில் உளுந்தும் பயறும் தெளிப்பது நெடுநாளைய வழக்கம். அங்கு ஏர் செய்யவேண்டிய வேலையின் ஒரு பகுதியைத் தண்ணீர் செய்துவிடுகிறது. உளுந்தின் வேரழுகலுக்குக் காரணமான மேக்ரோபோமினா, கரித்தூள் போன்ற நுண்மணிகளாய் மண்ணில் தங்குவது. ஈரம் நிறைந்த மண்ணில் அம்மணிகள் ஏழு, எட்டு வாரங்களுக்குமேல் பிழைப்பதரிது. நெல்லுக்கு மாதக்கணக்கில் நீர் கட்டியதன் பலன் உளுந்துக்குக் கிடைக்கிறது. ஆனால் அறுவடை பிந்தி, விதைப்பும் தள்ளிப்போய், மாசி பங்குனியில் மண் காய்ந்து சூடேறினால் எஞ்சிய மணிகள் கிளம்பிவிடும். விதையோடும் இவ்வியாதி வருவதால், தண்ணீர் சுத்தம் செய்த வயலில் நோயுள்ள விதையைத் தெளிப்பதில் என்ன லாபம்?

ஏரைக் குறைக்க எண்ணுகிறவர் முதலில் தம் வயலில் வாடிய செடியைப் பிடுங்கி அடித்தண்டைப் பார்க்கவேண்டும். வெண்ணிழையும் கடுகு மணியும் இருந்தால் அந்த ஆண்டில் உழவை விடுவது உசிதமன்று. அச்செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துவதும், அடுத்த போகத்தில் சோளம் அல்லது கம்பு விதைப்பதும் நலம். அழுகிய செடியை எருக்குழியில் போட்டால் அடுத்த ஆண்டு எருவோடு வயலுக்கே திரும்பிவரும். உளுந்து, நிலக்கடலை இரண்டுக்கும் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதற்கு ஆகும் செலவு அற்பம். இது மண்ணில் வாழும் மற்றொரு பூஞ்சக்காளான். வியாதிப் பூஞ்சக்காளானைச் சுற்றிப் பிணைந்து அதையே தின்னும். ஒவ்வொருவரும் தனித்தனியே பட்டணத்துக்கு அலையாமல் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் மொத்தமாய் வரவழைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உயிருள்ள பொருள். உர மூட்டைகளோடு தகரக் கூரையின்கீழ் கோடை முழுவதும் கிடந்தால் செத்துப்போகும். விதைப்புக்குச் சற்று முன்பாகவே தருவித்து, பொட்டலத்தின்மேல் அச்சிட்டுள்ள தேதியைப் பார்த்து, குளிர்ந்த நிழலில் வைத்து வழங்கவேண்டும்.