தளம் போடும் நாளில் நீங்கள் கேட்க வேண்டியது

டைல்ஸ் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். தலைக்கு மேல் நிற்கப்போகும் தளம் எவ்வளவு தாங்கும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான். அதன் தரத்தைத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

அளக்கும் வழி, க்யூப் டெஸ்ட். தளத்தில் கொட்டும் அதே கலவையை 15 சென்டிமீட்டர் கனசதுர இரும்பு அச்சில் இட்டுக் கெட்டிப்பார்கள். மறுநாள் கட்டியை வெளியே எடுத்துத் தண்ணீரில் மூழ்கவைத்து, 28ஆம் நாள் எந்திரத்தில் உடையும்வரை அழுத்துவார்கள். எம்-20 கிரேடு கான்கிரீட் கட்டி சுமார் 46 டன் தாங்க வேண்டும். 3 கட்டிகளின் சராசரிதான் ஒரு முடிவு. 1,000 சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் ஏறக்குறைய 12 கன மீட்டர் கலவை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி 6 கட்டிகள் தேவை. 28 நாளுக்குள் மேல்சுவரே எழும்பிவிடும் என்பதால், கூடுதலாகச் சில கட்டிகள் போட்டு 7ஆம் நாளே உடைத்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு வலிமையாவது வந்திருக்க வேண்டும்.

ஏமாற்று வேலைக்கும் இதில் இடமுண்டு. தளத்துக்கு ஒரு கலவை, அச்சுக்கு மட்டும் சிமென்ட் தூக்கலாக இன்னொன்று! அச்சு நிரப்பும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கட்டியில் தேதியும் கையெழுத்தும் போட்டு, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள். கலவை இறுகுகிறது என்று மேஸ்திரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் தடுங்கள். வலிமையைக் கெடுக்க அது ஒன்றே போதும்.

கட்டி தேறவில்லையா? உடனே இடிக்க வேண்டியதில்லை. தளத்திலிருந்தே உருளைகளாகத் துளைத்தெடுத்துச் சோதிக்கலாம். சராசரி வலிமை குறித்த அளவில் 85 சதவீதமாவது இருந்து, எந்த உருளையும் 75 சதவீதத்துக்குக் கீழே போகாவிட்டால் விதி ஏற்றுக்கொள்கிறது.

அதிலும் தேறாவிட்டால் சட்டம்தான். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) கீழ் பதிவுள்ள அடுக்குமாடி என்றால், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை, புகார் சொன்ன 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டியது கட்டியவர் பொறுப்பு. தனி வீட்டுக் காண்ட்ராக்டர் மீது நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஒப்பந்தமும் ரசீதும் ஆய்வறிக்கையும் கையில் இருக்கட்டும். ஆலோசனைக்கு 1915 என்ற எண் உண்டு.

கான்கிரீட் எந்த கிரேடு, சோதனை யார் செலவு, தேறாவிட்டால் யார் பொறுப்பு: மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.