தொடக்க விழாவும் வாசகர் வட்டமும்

2022-ஆம் ஆண்டு ஜூலை 28 அன்று மாலை சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் போட்டியின் தொடக்க விழா நடைபெற்றது. அந்நாளில் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய நான்கு மாவட்டங்களுக்கும் உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்பட்டிருந்ததால், செங்கல்பட்டு மாவட்டத்தில் தாம்பரம் மாநகராட்சிக்குள் அமைந்த கீழ்க்கட்டளை போன்ற புறநகர்ப் பகுதிகளிலும் பள்ளிப் பிள்ளைகள் முதல் பணி ஓய்வு பெற்றவர்கள் வரை பலரும் அவ்விழாவை வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பார்க்க முடிந்தது. ஆறு மணிக்குப் பிறகு அவர்கள் கண்ட காட்சிகளில் சதுரங்கத்தின் பங்கு குறைவாகவும் தமிழர் வரலாற்றின் பங்கு மிகுதியாகவும் இருந்தன. அதனால் அடுத்தடுத்த நாட்களில் நூலகத்திலும் தேநீர்க் கடையிலும் நடைப்பயிற்சிப் பாதையிலும் எழுந்த பேச்சு, விளையாட்டைத் தாண்டி, படித்த நூல்களையும் படிக்காத நூல்களையும் பற்றிய பேச்சாக மாறியதில் வியப்பில்லை. விளையாட்டு விழாவும் புத்தகப் பேச்சும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை என்னும் பொதுவான எண்ணம் சரிதானா என்பதை ஆராய்வதற்கு இவ்விழாவைவிடப் பொருத்தமான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

செஸ் ஒலிம்பியாட் என்பது ஈராண்டுக்கு ஒருமுறை நாடுகளின் அணிகள் மோதும் போட்டியாகும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணியின் நால்வர் நான்கு பலகைகளில் எதிரணியின் நால்வரோடு ஆடுவர். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, ரஷ்யாவில் நடத்தவிருந்த 2022-ஆம் ஆண்டுப் போட்டியை, உக்ரைன் போர் தொடங்கியபின் அங்கிருந்து விலக்கிச் சென்னைக்கு வழங்கியது. ஆட்டங்கள் மாமல்லபுரத்தில் நடந்தன. பொதுப்பிரிவில் உஸ்பெகிஸ்தானும் பெண்கள் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்றன. பொதுப்பிரிவில் இந்தியாவின் இரண்டாம் அணியும் பெண்கள் பிரிவில் முதல் அணியும் வெண்கலம் பெற்றன. முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற தொ. குகேஷ் என்னும் பதினாறு வயதுச் சென்னைச் சிறுவர் இரண்டாண்டுகளுக்குப் பின் உலக வாகையர் ஆனார்.

தொடக்க விழாவின் நடுநாயகமாக அமைந்தது, இயக்குநர் விக்னேஷ் சிவன் வடிவமைப்பில், கமல்ஹாசனின் குரலில், ஒளிப்படிமங்களோடும் நடனத்தோடும் சொல்லப்பட்ட தமிழ் மண்ணின் கதை. சங்க காலத்திலிருந்து கல்லணை, சிலப்பதிகாரம், சோழர் கடற்பயணம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளைச் சில நிமிடங்களில் அது கடந்து சென்றது. அத்தகைய வேகம் தொலைக்காட்சிக்குத் தேவைதான். ஆனால் ஒவ்வொரு காட்சிக்குப் பின்னாலும் பல தலைமுறை ஆய்வாளர்கள் கல்வெட்டுகளைப் படியெடுத்தும் சுவடிகளைப் பதிப்பித்தும் ஒருவரோடு ஒருவர் மாறுபட்டும் உருவாக்கிய நூல்கள் நிற்கின்றன என்பதை அந்த வேகம் மறைத்துவிடுகிறது. மறைந்ததை மீண்டும் எடுத்துக் காட்டக்கூடிய இடம் வாசகர்கள் கூடிப் பேசும் இடமே.

அப்படிப்பட்ட இடத்துக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் கம்பனையும் பிற கவிஞர்களையும் படித்துச் சுவைக்கக் கூடிய குழு ‘வட்டத்தொட்டி’ என்று பெயர் பெற்றது. சென்னையில் 1970-இல் தொடங்கிய ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு, மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளைப் படித்துச் சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. பொது நூலகங்களிலோ, ‘வாசகர் வட்டம்’ என்பது நூலகத்தைச் சார்ந்து இயங்கும், அப்பகுதி வாசகர்களாலேயே நடத்தப்படும் குழுவைக் குறிக்கிறது. இந்நூலகங்களுக்கு அடித்தளமிட்டது 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ.இரா.அரங்கநாதனின் உழைப்பும் அன்றைய கல்வி அமைச்சர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியும் சேர்ந்து அதனை உருவாக்கின. அச்சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. எனவே தம் வீட்டுக்கு வரி கட்டும் ஒவ்வொருவரும் தம் பகுதி நூலகத்தின் பங்குதாரரே. இவ்வுரிமையை உணர்ந்தவர்கள் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

விழாவில் வந்த சோழர் கடற்பயணக் காட்சியையே எடுத்துக்கொள்ளலாம். அக்காட்சியைக் கண்டவர்களில் பலருக்கு நினைவுக்கு வந்திருக்கக்கூடிய நூல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. மணிரத்னம் இயக்கிய அதன் திரைவடிவத்தின் முதல் பாகம் அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று வெளிவரவிருந்ததால், புத்தகக் கடைகளில் அந்த நாவலுக்கு அப்போது பெரும் தேவை ஏற்பட்டிருந்தது. ஆனால் அந்நாவல், பின்னாளில் இராசராசன் எனப்பட்ட அருள்மொழிவர்மன் முடிசூடுவதற்கு முந்தைய காலத்திலேயே முடிந்துவிடுகிறது. கடல் கடந்து கடாரம் சென்ற படையெடுப்போ அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், 1025-ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்தது. அதற்கான முதன்மைச் சான்று நாவல் எதிலும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசேந்திரனின் கல்வெட்டில், மெய்க்கீர்த்தி என்னும் பகுதியில், அதாவது அரசனின் வெற்றிகளை வரிசையாகப் போற்றும் முன்னுரைப் பகுதியில் இருக்கிறது. ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் என்று அது அடுக்கிச் செல்லும் ஊர்ப்பெயர்களை இன்றைய சுமத்ராவிலும் மலாய்த் தீபகற்பத்திலும் நிக்கோபார்த் தீவுகளிலும் அடையாளம் காண்பதற்கே அறிஞர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

படையெடுப்பு நிகழ்ந்ததா என்பதைக் காட்டிலும், அது ஏன் நிகழ்ந்தது என்பதே ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாட்டுக்கு உரியது. ஸ்ரீவிசய அரசர்கள் சோழருக்குத் தொடக்கத்தில் நண்பர்களாகவே இருந்தனர். நாகப்பட்டினத்தில் அவர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே வழங்கினான் என்பதை லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஆவணம் தெரிவிக்கிறது. அந்த நட்பு ஒரு தலைமுறைக்குள் போராக மாறியதற்குச் சீனத்தோடு நடந்த வணிகத்தில் ஸ்ரீவிசயம் ஏற்படுத்திய தடை காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம், கே.ஏ.நீலகண்ட சாஸ்திரி ‘சோழர்கள்’ நூலில் இக்கேள்வியை விரிவாகப் பேசினார். அமெரிக்க வரலாற்றாய்வாளர் ஜார்ஜ் ஸ்பென்சர் 1983-இல், சோழப் படையெடுப்புகளில் கொள்ளைப் பொருளுக்கு இருந்த இடத்தை அழுத்திச் சொன்னார். சிங்கப்பூரில் நடந்த ஆய்வரங்கின் கட்டுரைகள் 2009-இல் தொகுப்பாக வந்தபோது, சீனம், தென்கிழக்காசியா, தென்னிந்தியா ஆகிய மூன்று திசைகளிலிருந்தும் இதே நிகழ்ச்சி ஆராயப்பட்டிருந்தது. மேடையில் பாய்மரக் கப்பல் ஒன்று ஒளியில் மிதந்து சென்ற அந்தச் சில நொடிகளுக்குள் இவ்வளவும் அடங்கியிருக்கின்றன. இவற்றை அறிந்த பின்னும் அக்காட்சியின் பெருமிதம் குறைவதில்லை, அதற்கு ஆழம் கூடுகிறது.

அண்மைக்கால நூல் ஒன்றை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் பேச்சு இன்னும் வளரும். மு.ராஜேந்திரன் எழுதி 2022-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது பெற்ற ‘காலா பாணி’ நாவல், காளையார்கோயில் போருக்குப் பின் சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவரும் அவரோடு எழுபதுக்கும் மேற்பட்டோரும் 1802-இல் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டதைச் சொல்கிறது. பினாங்குத் தீவோ, கடாரம் என்று கல்வெட்டு குறிக்கும் கெடா நாட்டின் கரையை ஒட்டியது. 1786-இல் கம்பெனியார் அத்தீவைக் கெடா சுல்தானிடமிருந்தே பெற்றனர். எட்டு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே கடலை ஒரு படை வெற்றியோடும் மற்றொரு கூட்டம் விலங்கோடும் கடந்திருக்கிறது. தொடக்க விழா இவற்றுள் முதற் பயணத்தை மட்டுமே காட்ட இயலும். விருந்தினர் நாடுகளின் முன் வெற்றிகளை எடுத்துரைப்பதே விழாவின் இயல்பு. விழா விட்டதை எடுத்துக்கொள்வது வாசகரின் பணி. ஆ.இரா.வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்னும் நூலும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது, வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலித் தெருக்களில் திரண்ட எளிய மக்களை அது ஆவணங்களின் வழியே மீட்டுத் தருகிறது.

நூலுக்கும் விழாவுக்கும் உள்ள உறவை வெளிநாட்டு விழாக்கள் ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொண்டிருக்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவின் எழுத்துப்பணியைச் செய்தவர் சிறுவர் நாவலாசிரியர் ஃபிராங்க் காட்ரெல் பாய்ஸ். தொழிற்புரட்சியைக் கண்டவர்களின் எழுத்துகளை ஹம்ப்ரி ஜென்னிங்ஸ் தொகுத்த ‘பாண்டமோனியம்’ என்னும் நூலை அவர் இயக்குநர் டேனி பாயிலுக்குக் கொடுத்தார். பசும்புல்வெளியைப் பிளந்துகொண்டு ஆலைப் புகைபோக்கிகள் எழுந்த புகழ்பெற்ற காட்சி அதிலிருந்து பிறந்தது. அதே விழாவில் ஜே.கே.ரௌலிங் ‘பீட்டர் பான்’ கதையிலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். அக்கதையின் உரிமையை அதன் ஆசிரியர் ஜே.எம்.பாரி 1929-இல் லண்டனின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றுக்கு வழங்கியிருந்ததே அத்தேர்வுக்குக் காரணம். 2024 பாரிஸ் விழாவை எழுதிய குழுவில் வரலாற்றாசிரியர் பத்ரிக் பூஷெரோனும் நாவலாசிரியர் லைலா ஸ்லிமானியும் இடம்பெற்றனர். பிரான்சின் தேசிய நூலகத்தில் இளைஞர்கள் மூவர் நூல்களின் தலைப்புகளைக் காட்டியே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் காட்சியும் அதில் இருந்தது. எழுதியவர் யார், அவர் எதைப் படித்தார் என்பது அங்கெல்லாம் பொதுவெளியில் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் அடுத்து நடக்கும் பெருவிழாவிலும் இவ்வாறே, எழுத்தாளர்களும் வரலாற்றாசிரியர்களும் தொடக்கத்திலிருந்தே பங்கேற்று, அவர்கள் பயன்படுத்திய நூல்களின் பட்டியல் நூலகங்களில் வைக்கப்பட வேண்டும்.

‘எழுதியவர் யார்’ என்னும் கேள்வி சென்னை விழாவிலும் கசப்போடு எழுந்தது. 2021-இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலை அம்மேடையில் பாடகி தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினர். பாடலை எழுதித் தீயோடு இணைந்து பாடிய தெருக்குரல் அறிவு அங்கு இல்லை. அதன் பின் பாடலின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்து அறிவும், தீயும், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் தத்தம் தரப்பை வெளியிட்டனர். நூலின் அட்டையில் ஆசிரியர் பெயர் அச்சிடப்பட்டிருப்பதால் வாசகர்கள் இயல்பாகவே ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறார்கள். மேடை நிகழ்ச்சியிலோ அப்பெயர் எளிதில் நழுவிவிடுகிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அப்பாடல் பிறந்ததாக அறிவு கூறியிருக்கிறார். தோட்டத் தொழிலாளர் வாழ்வை அறிய விரும்புவோருக்கு, வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி மருத்துவர் பி.எச்.டேனியல் ஆங்கிலத்தில் எழுதி இரா.முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’ கிடைக்கிறது. பாலாவின் ‘பரதேசி’ படத்துக்கு மூலமான அந்நூலைப் படித்தவருக்கு, அப்பாடலை அடுத்த முறை கேட்பது வேறோர் அனுபவமாக இருக்கும்.

கீழ்க்கட்டளை வாசகர்களுக்கு இவற்றோடு தம் சொந்த மண்ணைப் பற்றிய பாடமும் காத்திருக்கிறது. விழா காட்டிய கல்லணை காவிரியில் இருக்கிறது. ஆனால் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் நாராயணபுரம் ஏரிக்கும் அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் செல்லும்படி அமைந்த நீர்வழியும் நீர் மேலாண்மையின் வரலாறே. மழைக்காலத்தில் தெருக்களில் நீர் நிற்கும்போது மட்டும் நினைக்கப்படும் இந்த ஏரித்தொடர், பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு குறிப்பிடும் ஏரி வாரியத்தோடு, அதாவது ஏரியைப் பராமரிக்க ஊரார் தேர்ந்தெடுத்த குழுவோடு, சேர்த்துப் பேசத்தக்கது.

இதைவிடப் பழையதும் மிக அருகிலேயே உள்ளது. 1863-ஆம் ஆண்டு மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், கீழ்க்கட்டளையை அடுத்த பல்லாவரத்தில், சரளைக்கல் குழி ஒன்றில், மனிதக் கையால் செதுக்கப்பட்ட கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். எழுத்தும் உலோகமும் உழவும் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பு, கல்லைச் செதுக்கிக் கருவியாக்கி வேட்டையாடிய பழைய கற்கால மனிதர் இந்தியாவில் வாழ்ந்தனர் என்பதற்கு அறிவியல் உலகம் ஏற்ற முதல் சான்று அதுதான். அவ்வாண்டிலேயே அவர் திருவள்ளூர் அருகே அத்திரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகளைக் கண்டார். அங்கு சாந்தி பப்பு குழுவினர் நடத்திய அகழாய்வு, அக்கருவிகளுட் சிலவற்றின் வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தது. சங்க காலத்தில் தொடங்கிய விழாக்கதையில் இவை இடம்பெறவில்லை. ஃபூட் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொல்பொருள்களின் தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது. பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கி அங்கு சென்று அத்தொகுப்பைப் பார்க்கலாம்.