மண்வெட்டியும் முக்குளிப்பானின் கூடும்

மன்னார்க் கரைக்குக் குளிர்காலத்தில் வந்துபோகும் ஊசிவால் வாத்தின் இனம் கனடாவின் சமவெளிகளிலும் இருக்கிறது. அங்கே அது அறுவடை முடிந்த கோதுமை வயலின் தாளடியில், விதைப்புக் காலத்துக்கு முன்பே முட்டையிட்டு விடுகிறது. உழவு இயந்திரம் இறங்கினால் கூடு போயிற்று. உழாமல் தாளடியிலேயே விதைத்தால் இயந்திரம் வயலுக்குள் வரும் தடவை குறைகிறது. சில கூடுகள் தப்புகின்றன. நம் மலையகத்தில் பாதிப்பு வேறு வழியில் வருகிறது. மேட்டில் புரட்டிய மண் மழையோடு இறங்கி, கீழே நீர்ப்பறவை வாழும் இடத்தைக் கெடுக்கிறது.

தேயிலை ஒருமுறை நட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். நிலத்தைப் பெரிதாகப் புரட்டுவது மறுநடுகையின்போதுதான். அப்போதும் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றிய பிறகே கன்று நடும்படி தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் தோட்டங்களிலோ ஒவ்வொரு போகத்துக்கும் மண் புரள்கிறது. மழை நேரத்தில் அங்குள்ள கானைப் பாருங்கள்; தண்ணீர் குழம்பாகவே வரும். மகாவலியில் பொல்கொல்லை, ரந்தம்பை நீர்த்தேக்கங்கள் வண்டலால் தூர்ந்திருப்பதில் இந்த மேட்டு மண்ணுக்கும் பங்குண்டு. இப்படி மண் வந்து சேரும் நீர்நிலைகளில்தான் முக்குளிப்பான் நீர்ச்செடிகளைச் சேர்த்து மிதக்கும் கூடு கட்டும். இரை தேடப் போகுமுன் ஈரத் தழையால் முட்டைகளை மூடிவிட்டுப் போகும். கலங்கிய நீரில் வெளிச்சம் இறங்காது, செடி வளராது, மீன்குஞ்சும் அதன் கண்ணில் படாது.

உழாவிட்டால் களைக்கொல்லிதானே என்பார்கள். நியாயமான கவலை, 2015இல் கிளைபோசேட்டைத் தடைசெய்த அரசே 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. சுரண்டியால் மொட்டையாகச் சுரண்டினாலோ மண்தான் போகும். கொடிய களையை மட்டும் கையால் பிடுங்கி, மண்ணை மூடும் சிறு செடிகளை விட்டுவைப்பதே நடுவழி. கூலி கூடும்தான், போன மண்ணை எந்தக் கூலி கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. காடாகிப்போன மலையில் குளவிக் கொட்டும் சிறுத்தையும் கொழுந்து பறிக்கும் பெண்களின் உயிருக்கே ஆபத்து என்பது இன்னும் கனமான மறுப்பு. அவர்கள் உயிருக்கு முன் எந்தக் கூடும் பெரிதல்ல. கொழுந்தெடுக்கும் மலை துப்புரவாகவே இருக்கட்டும். மின்னுற்பத்திக்காக நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம் ஏறி இறங்குவதும் கூடுகளை அழிக்கிறது, உண்மை. அது நம் கையில் இல்லை, மண் நம் கையில்.

மண் பாதுகாப்புச் சட்டம் 1951 முதல் இருக்கிறது. மரக்கறித் தோட்டக்காரர்களே, பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். ஓடையோரம் சில அடிக்காவது மண்வெட்டி படாமல் விடுங்கள். கானாங்கோழி கூடு கட்டுவது அங்கே வளரும் புதரில்தான்.